காலந்தாழ்ந்து வந்த பட்டம்

1930ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்ரிங்ஸ் சதுரங்கப் போட்டியிலே கியூபா நாட்டுக் கப்பபிளாங்கா தோல்வியுற்றார். 1921 முதல் 1927 வரை உலக வெற்றிவீரராக விளங்கிய அவர், தோல்வியை அரிதாகவே கண்டவர். 65 நகர்வுகளில் அவரைப் பணியவைத்தவரோ, மேனாட்டு முறையில் ஆடப் பழகிச் சில ஆண்டுகளே சென்றிருந்த பஞ்சாபியர். மீர் சுல்தான்கான் என்பது அவர் பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானுக்குட்பட்ட மித்தா திவானா என்னும் ஊரிற் பிறந்த அவர், தந்தையிடம் நாட்டுமுறைச் சதுரங்கம் பயின்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஆதலால் தொடக்கத்தில் விரைவு பயன்தராது. பொறுத்திருந்து காய்களை அணிவகுத்தல் வேண்டும். அந்தப் பொறுமையே பின்னாளில் அவருக்குப் படைக்கலமாயிற்று. மேனாட்டார் ஏடுகளிற் கற்ற தொடக்க ஆட்டத்தில் அவர் இடறினார். காய்கள் குறைந்த இறுதிக் கட்டத்திலோ அவரை மடக்கவல்லார் மிகச் சிலரே.

1928இல் அகில இந்திய வெற்றிவீரரானார். மறு ஆண்டு, நிலக்கிழாரான சேர் உமர் ஹயாத்கான் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய வெற்றிவீரர் பட்டம் அவருடையதாயிற்று. 1932இலும் 1933இலும் மீண்டும் அதனை வென்றார். 1933இல் மகளிர் பட்டத்தை வென்ற பாத்திமாவும் அதே பிரபுவின் இல்லத்தைச் சேர்ந்தவரே. 1931இல் பிறாக் நகர ஒலிம்பியாட்டில் முதற் பலகையில் அமர்ந்து புளோரையும் ரூபின்ஸ்ரைனையும் வீழ்த்தினார். குளிர்நாட்டின் ஓயாத தடிமனுடன் போராடிக்கொண்டே இத்தனையும் செய்தார்.

மேனாட்டு எழுத்தாளர் பலர் அவரைப் பிரபுவின் ஏவலாளர் என்றே எழுதிவந்தனர். சொந்த நிலமுடைய குடும்பம் எம்முடையது என்று அவர் வழித்தோன்றல்கள் அதனை மறுக்கின்றனர். அந்த மறுப்பு கவனிக்கத்தக்கது. ஆட்டத்தை ஆராயாது ஆளின் நிலையைப் பேசுவது அன்றைய ஏகாதிபத்தியத்தின் வழக்கம்.

1933இன் முடிவில் பிரபுவுடன் தாயகம் திரும்பினார். 1935இல் காடில்கரை வென்றபின் பெரும் போட்டிகளில் அவரைக் காண இயலவில்லை. நிலத்தைப் பார்த்து வாழ்ந்தார். 1950இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முறையாகக் கிராண்ட் மாஸ்டர் பட்டங்களை அளித்தது. ஆடுதலை நெடுநாள் முன்னரே நிறுத்தியிருந்த ரூபின்ஸ்ரைனுக்கும் அப்பட்டம் கிடைத்தது. அவரை வென்ற சுல்தான்கானுக்கோ கிடைக்கவில்லை.

அவர் 1966இல் சர்கோதாவில் மறைந்தார். 58 ஆண்டுகள் கழிந்து, 2024 பெப்ரவரியில், சம்மேளனம் கௌரவப் பட்டத்தை அறிவித்து, பாகிஸ்தானின் முதலாவது கிராண்ட் மாஸ்டர் என அவரைப் பதிவுசெய்தது.