காருகுறிச்சி அருணாசலம்: 43 வயதுக்குள் முடிந்த வாழ்க்கை... வால்வுகள் காப்பாற்றிய நாகஸ்வரம்!

லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்து, சார்ஜரையும் மாட்டிப் பாருங்க. சில வீடுகளில் பாட்டுக்கு அடியில் மெலிசா ஒரு 'ம்ம்ம்' சத்தம் கேட்கும். சார்ஜரைப் பிடுங்கினா அது காணாமப் போயிடும். கிட்டத்தட்ட இதே காரணத்துக்காகத்தான், பேட்டரியில் ஓடும் வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயரை இசைப்பிரியர்கள் சிலர் இன்னைக்கும் தேடிப் பிடிக்கிறாங்க. அதில் அப்படி என்ன இருக்கு? நெல்லைக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க ஒருத்தரோட வாழ்க்கை போதும்.

யார் இந்த அருணாசலம்?

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், தாமிரபரணி தண்ணீரில் வயல் விளையும் ஊர் காருகுறிச்சி. 1921-ல் அங்கே பிறந்தார் அருணாசலம். அப்பா பெயர் பலவேசம்.

அப்போ நாகஸ்வரம் என்றாலே தஞ்சாவூர்ப் பக்கம்தான். அதிலும் உச்சத்தில் இருந்தவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அவரிடம் சீடராகச் சேர்ந்த அருணாசலம், குருவுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தே வளர்ந்தார். அவசரமே இல்லாமல் ஒரு ராகத்தை விரித்துக்கொண்டே போகும் அந்தப் பாணி, பொருநைக்கரைப் பிள்ளையின் கைக்கு வந்தது. 1956-ல் குரு மறைந்தபோது, சீடர் தனக்கென்று பெயர் எடுத்திருந்தார்.

பிறகு கோவில்பட்டியில் குடியேறினார். பக்கத்து ஊரான இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் அவருடைய நண்பர்.

நாகஸ்வரத்துக்கு எதுக்கு ஆம்ப்ளிஃபயர்?

நியாயமான கேள்விதான். கோயில் வாசலில் வாசித்தால் நாலு தெருவுக்குக் கேட்கும் வாத்தியம் அது. ஆனா, கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வர முடியாதவங்களுக்கு? அவங்களுக்கு இசைத்தட்டும் ரேடியோவும்தான் வழி. அந்த இரண்டும் அன்று வால்வை நம்பித்தான் இருந்தன.

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். உள்ளே ஓர் இழை சூடாகும்போது எலெக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள தகட்டுக்கு ஓடும். 1904-ல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இதைச் செய்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு சிறு கம்பி வலையைச் சேர்த்தார். வலையில் துளி மின்னழுத்தம் மாறினாலும், தகட்டுக்குப் போகும் ஓட்டம் பெரிசா மாறும். சின்ன சத்தம் பெரிய சத்தமாவது இப்படித்தான்.

பாபநாசம் நீர்மின் திட்டம் வந்தது 1944-ல். அதுக்கு அப்புறமும் எல்லா ஊருக்கும் உடனே கரன்ட் வந்துவிடவில்லை. கரன்ட் இல்லாத ஊர்களில் வால்வு ரேடியோ பேட்டரியில்தான் பாடியது. இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், தகட்டுக்கு 90 வோல்ட் என்பது அந்த வகை செட்டுகளில் வழக்கமான கணக்கு. அதாவது, பேட்டரி வால்வு என்பது இன்றைய ஃபேஷன் இல்லை. நம்ம தாத்தா காலத்துத் தேவை.

'சிங்காரவேலனே தேவா'

1962-ல் வெளிவந்தது 'கொஞ்சும் சலங்கை'. கடையநல்லூரில் பிறந்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. ஆபேரி ராகத்தில் அமைந்த 'சிங்காரவேலனே தேவா' பாட்டில் அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும் மாறி மாறிப் போட்டி போடும். கச்சேரி பக்கமே போகாதவர்களுக்கும் காருகுறிச்சி என்ற பெயர் தெரிந்தது இந்தப் பாட்டால்தான்.

1963-ல் திருநெல்வேலிக்கே வானொலி நிலையம் வந்தது. ஆனா, சொந்த மாவட்டத்து நிலையத்தில் நீண்ட காலம் வாசிக்கும் கொடுப்பினை அவருக்கு இல்லை. 1964 ஏப்ரலில் மறைந்தார். வயது 43-ஐத் தாண்டவில்லை. இனிமே புதுசா ஒரு பதிவு வரப்போவதில்லை. இருப்பதை எவ்வளவு நல்லா கேட்க முடியும் என்பதுதான் மிச்சம்.

சரி, பேட்டரி எதுக்கு?

இசைத்தட்டில் ஊசி எடுக்கும் சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட்தான். ப்ரீஆம்ப் அதை 100 மடங்கு வரை பெருக்கும். வீட்டுக் கரன்ட் 50 ஹெர்ட்ஸில் துடிக்கும். அதை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளலாம். அது உள்ளே புகுந்தால் அதுவும் சேர்ந்தே பெரிசாகும்.

ராக ஆலாபனையில் ஒரு ஸ்வரம் மெல்ல அடங்கி, அடுத்தது தொடங்கும் முன் ஓர் அமைதி வரும். சரியா அந்த இடத்தில்தான் இந்த 'ம்ம்ம்' தலை நீட்டும். ஒத்து பிடிக்கும் சுருதிக்குச் சேராத இன்னொரு சுருதி மாதிரி. பேட்டரிக்கு இந்தத் துடிப்பே கிடையாது. அதனால் அமைதி அமைதியாவே இருக்கும்.

வால்வு தன் பங்குக்கு கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். ஒரு ஸ்வரத்தோடு அதன் இரு மடங்கு அதிர்வை, அதாவது ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜத்தை, லேசா கலக்கும். காதுக்கு இதம்தான், ஆனா அது மூலப் பதிவில் இல்லாதது.

வாங்கும் முன் கவனிங்க

* இழை சூடாக நிறைய மின்சாரம் இழுக்கும். அடிக்கடி சார்ஜ் போடணும்.
* பல வால்வுகளுக்குத் தகட்டில் 100 முதல் 250 வோல்ட் வேணும். சின்ன பேட்டரியிலிருந்து அதை உயர்த்தும் சர்க்யூட் சரியில்லை என்றால், அதுவே புது இரைச்சல்.
* பேட்டரிதானே என்று திறந்து கை வைக்காதீங்க. அந்த வோல்ட்டேஜ் உயிருக்கே ஆபத்து.
* நல்லா வடிவமைத்த சாதாரண ப்ரீஆம்பும் அமைதியா இருக்கும். பழைய தட்டில் பதிந்துபோன கரகரப்பை எந்தப் பேட்டரியாலும் நீக்க முடியாது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கு. உங்க போனும் பேட்டரியில் ஓடுவதுதான். இன்று ராத்திரி சார்ஜரைக் கழற்றிட்டு, வயர் இயர்போனில் அந்த ஆபேரியைக் கேளுங்க. குரலும் குழலும் மாறும் இடைவெளியைக் கவனிங்க. காருகுறிச்சிக்காரர் மூச்சு எடுத்துக்கொண்ட இடம் அது.