கூவியே பண்டிதர்

மறைந்துபோன உயிர்களின் வரலாற்றை ஒரு தனிச் சாஸ்திரமாக நிலைநாட்டிய ஜார்ஜ் கூவியே என்பாரின் சரித்திரத்தை மாணவ நேயர்கள் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

இவர் 1769-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ஆம் தேதி மோன்பெலியார் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் வுர்ட்டம்பர்க் பிரபுவின் ஆளுகைக்குட்பட்டிருந்தது. ஸ்டுட்கார்ட் நகரிற் கல்வி பயின்றபின், நார்மண்டியில் ஒரு பிரபுவின் இல்லத்து ஆசிரியராய் அமர்ந்தார். ஆங்குக் கடல்வாழ் சிற்றுயிர்களை அறுத்தாராய்தல் அவர்தம் ஓய்வுநேரப் பணியாயிற்று. 1795-இல் பாரிஸ் சென்று, இயற்கைப்பொருட் காட்சிச்சாலையில் இடம்பெற்றார்.

பாரிஸை அடுத்த மோன்மார்த்ர் குன்றின் ஜிப்ஸக் கற்களில் எலும்புகள் பல புதைந்திருந்தன. அவற்றுள் ஒன்று, கல் பிளந்தபோது வெளிப்பட்ட ஒரு சிறு பிராணியின் எலும்புக்கூடு. தாடையையும் பற்களையும் நோக்கிய கூவியே, அது அமெரிக்காவில் வாழும் ஒப்போசத்தின் இனமெனத் துணிந்தார். குட்டிகளைப் பையில் வளர்க்கும் அவ்வினத்திற்கு இடுப்பெலும்பின் முன்னே மெல்லிய எலும்புகள் இரண்டு உண்டு. அவ்விடமோ கல்லுள் மறைந்திருந்தது. ஓர் உறுப்பைக் கொண்டு ஏனைய உறுப்புக்களை உணரலாம் என்பது அவர் கொள்கை. அது பொய்ப்பின் நகைப்புக்கிடமாகும் என்றறிந்தும், சிலரைச் சாட்சிகளாக வைத்துக்கொண்டு, நுண்ணிய ஊசியாற் கல்லை அகழ்ந்தார். இரண்டு எலும்புகளும் தோன்றின! 1804-இல் இதனை வெளியிட்டார்.

எனினும், உயிரினங்கள் காலப்போக்கில் வேறினங்களாக மாறும் என்று லாமார்க் கூறியதை அவர் இறுதிவரை ஏற்றிலர். 1832-ஆம் வருஷம் மே மாதம் 13-ஆம் தேதி காலமானார். டார்வினது பெருநூல் 1859-இலேயே வெளிவந்தது.

பெராதீரியம் எனப் பெயர்பெற்ற அச்சிறு பிராணி ஏறக்குறைய மூன்றரைக் கோடி வருஷங்கட்கு முன் வாழ்ந்தது. இன்றுள்ள பையுடைப் பிராணிகட்கு நெருங்கிய உறவினது. ஆனால் அவ்விரு எலும்புகள், முட்டையிடும் பிளாட்டிபஸிலும் உள. மங்கோலியாவிற் கிடைத்த, பையில்லாப் பாலூட்டிகளின் பண்டை உறவினங்களிலும் உள என்று 1997-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே அவை பைக்கென்றே அமைந்தனவல்ல. பொது மூதாதையரிடமிருந்து வந்து, சில கிளைகளில் நிலைத்து, சிலவற்றில் மறைந்த பழஞ்சொத்தாம். கூவியே தம் கையால் அகழ்ந்தெடுத்த சான்று, அவர் மறுத்த உண்மைக்கே துணைநிற்கின்றது.

இதனால் அவர் பெருமை குன்றுமோ? குன்றாது. தம் கருத்தைப் பலர் முன்னிலையிற் சோதனைக்கு உட்படுத்திய நெஞ்சுரமே அவர் நமக்கு வைத்துப்போன செல்வம். அவர் கண்டதைப் போற்றுவோம்; காணாது விட்டதையும் அவர் வழிநின்றே ஆராய்ந்து தெளிவோமாக.