அடைக்கூடத்தின் வாசலில் நின்ற அறிஞர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டு வளவுகளில், அடைக்குக் கிடக்கும் கோழிக்குப் பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி முட்டை வைத்து, 21 நாள் காத்திருப்பது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். இன்று அத்தாய்க்கோழியின் வேலையைச் சிறியதொரு மின்பொறி செய்துவிடுகிறது. ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பமும், போதிய ஈரப்பதமும், முட்டைகளை நாள்தோறும் புரட்டி விடும் கவனமும் அதற்கு வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டாலோ பொறி வெறும் பெட்டிதான். 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் மின்விநியோகமின்றி வாழ்ந்த மக்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மின்சாரம் என்பதே அறியப்படாத காலத்தில், ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கோழியின்றிப் பொரிக்க வைத்தவர்கள் எகிப்தியர்கள். அந்தக் கலையை நேரில் கண்டு விரிவாக எழுதி வைத்தவர் மருத்துவ அறிஞர் அப்துல் லதீப் அல்-பக்தாதி. அவரது வாழ்வில் நாம் கற்க வேண்டிய பாடமொன்று உண்டு.

1162ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 557இல், பக்தாத் நகரில் அவர் பிறந்தார். இளமையில் ஹதீஸும் அரபு இலக்கணமும் கற்றுத் தேர்ந்து, பின்னர் மருத்துவத்திலும் மெய்யியலிலும் ஈடுபட்டார். நல்லாசிரியர்களைத் தேடி 1189இல் ஊரை விட்டுப் புறப்பட்டு, மோசூல், டமாஸ்கஸ் ஆகிய நகரங்களைக் கடந்து சென்றார். சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-காழி அல்-ஃபாழிலின் ஆதரவைப் பெற்றுக் கெய்ரோவை அடைந்த அவர், அங்கு யூத மருத்துவ மேதை மூஸா இப்னு மைமூனைச் சந்தித்தார். பின்னர் ஜெரூசலத்தில் சலாஹுத்தீனைக் கண்டு, அவரிடம் மானியமும் பெற்றார். 1193இல் சுல்தான் மறைந்த பின்னர் மீண்டும் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தினார்.

இத்தகைய கல்விமான், சாண எரிபொருளின் புகை சூழ்ந்த அடைக்கூடங்களின் வாசலிலும் நின்றார். கூடத்தின் அமைப்பு, ஒவ்வோர் அறையிலும் இரண்டாயிரம் முட்டைகள் அடுக்கப்படும் முறை, உலர்ந்த சாணத்தை எரித்து மிதமான சூட்டைக் காக்கும் விதம் ஆகியவற்றையெல்லாம் ஒரு சிற்பியின் நுணுக்கத்தோடு பதிந்தார். வெப்பமானி இல்லாத அக்கூடங்களில், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூட்டை அறிவது தொழிலாளரின் வழக்கம். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் செயற்கை அடைகாப்பைப் பற்றி 1749இல் நூல் வெளியிடுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்பதிவு எழுந்துவிட்டது.

1200 முதல் 1202 வரை நைல் நதி பொய்த்து, எகிப்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மனிதர் மனிதரை உண்ட அவலத்தையும் அவர் மறைக்காது எழுதினார். பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று கண்டார். அது இரண்டு எலும்புகளால் ஆனது என்பது மருத்துவப் பேராசான் கேலனின் கூற்று. பெரியோர் நூலைக் காட்டிலும் கண்கண்ட சான்றே வலியது என்பது அவர் கொள்கை. கோழிக் குஞ்சையும் மனித எலும்பையும் அவர் நோக்கியது ஒரே கண்ணோடுதான்.

பின்னர் டமாஸ்கஸ், அலெப்போ, அனத்தோலியா எனப் பல இடங்களில் வாழ்ந்த அவர், ஹஜ் செய்யும் எண்ணத்தோடு புறப்பட்டு, வழியில் பிறந்த ஊரான பக்தாத்தில் 1231இல் காலமானார். அவர் எழுதிய நூல்களுட் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அடைக்கூடத்தைப் பற்றிச் சொல்லும் எகிப்து நூலோ, அவர் கைப்பட எழுதிய பிரதியாக ஒக்ஸ்ஃபோர்ட் பொட்லியன் நூலகத்தில் இன்றும் உள்ளது.

எழுதியதால் எஞ்சியது என்பதே இதில் நாம் காணும் பாடம். 1981இல் யாழ். நூலகம் எரிந்தபோது எழுதி வைத்தவற்றையே இழந்தவர்கள் நாம். 1990 ஒக்டோபரில் குடாநாட்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். வளவுகள் வெறிச்சோடியபோது, எழுதப்படாத வீட்டறிவும் சிதறியது. எந்த முட்டையை அடைக்குத் தெரிவது, கூழ்முட்டையை வெளிச்சத்தில் பிடித்து எவ்வாறு அறிவது, குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் கீரியிடமிருந்தும் எவ்வாறு காப்பது என்பனவெல்லாம் இரு சமூகத்துத் தாய்மாரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன.

மீண்டு வந்த குடும்பங்களுக்கு ஊர்க்கோழி சிறிய முதலில் தொடங்கக்கூடிய சீவனோபாயம். பொறியை விலைக்கு வாங்கலாம். மூத்தோரின் அனுபவத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். கோழிக்கூட்டின் வாசலில் நிற்பது கல்விமானுக்கு இழுக்கல்ல என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் காட்டிச் சென்றிருக்கிறார்.