ஓட்டமும் வீச்சும்: வின்ஸ் லொம்பார்டி வரலாறு

சமநிலை என்னுஞ் சொல்லைக் கேட்டதும் துலாக்கோலின் இரு தட்டுகளும் ஒத்து நிற்குங் காட்சியே நம் மனக்கண் முன் தோன்றும். பாதிக்குப் பாதியாகப் பங்கிடுதலே சமநிலை என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆயின், ஒரு துறையில் ஐயமறத் தேர்ந்து, அத்தேர்ச்சியின் வலியினாலே மற்றொன்றையும் வேண்டுமிடத்து வழங்குவதே செயலுக்குரிய சமநிலை. இவ்வுண்மையை ஆடுகளத்திலே நிலைநாட்டியவர் அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநராகிய வின்ஸ் லொம்பார்டி. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எட்டாண்டு காலம் பாடசாலை ஆசிரியராயிருந்து, பின்னர் உலகப் புகழெய்தியவர் அவர். ஆதலின் கல்லூரி மலரொன்றிலே அவர் வரலாற்றைக் கூறுதல் பொருத்தமுடையதே.

ஆட்டத்தின் இயல்பு

நாம் ஆடும் உதைபந்தாட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து நீள்வட்ட வடிவினது. பெரும்பாலும் கைகளிலேயே இருப்பது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். இரு எல்லைக்கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 100 யார். பந்தையுடைய அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் 10 யார் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து எதிரணியைச் சேரும். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளிகள். கம்பங்களின் இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள்.

முன்னேறுதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, பந்தைக் கையிலேந்தி ஓடுதல். மற்றையது, முன்னே ஓடும் துணைவனுக்கு அதனை வீசுதல். முன்னோக்கி வீசுதல் 1906ஆம் ஆண்டிலேதான் விதிகளில் இடம்பெற்றது. தொழின்முறை ஆட்டத்தில், முன்வரிசைக்குப் பின்னால் எவ்விடத்திலிருந்தும் வீசலாம் என்ற உரிமை 1933இல் வந்தது. ஓட்டம் சிறிது சிறிதாகவே பயன் தரும்; ஆயினும் உறுதியானது. வீச்சோ ஒரு நொடியிற் பெருந்தூரத்தைக் கடப்பிக்கும். ஆனால் பந்து நிலத்தில் விழுந்தால் ஒரு முயற்சி வீணாகும், எதிரி அதனைப் பற்றிக்கொண்டாற் பந்தே பறிபோகும். எப்பொழுதும் ஓடுகின்ற அணியைத் தடுக்க எதிரிகள் முன்வரிசையில் நெருங்கி நிற்பர். எப்பொழுதும் வீசுகின்ற அணிக்கெதிராகச் சிலர் பின்வாங்கிக் காத்திருப்பர். ஏனையோர் வீசுவோன்மேற் பாய்வர். ஆகவே இவ்விரண்டையும் எவ்வளவிற் கலப்பது என்பதே ஒவ்வொரு பயிற்றுநரும் எதிர்நோக்கும் வினா.

இளமையும் கல்வியும்

லொம்பார்டி 1913ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆந் திகதி நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிற் பிறந்தார். இத்தாலிய மரபினராகிய அவர் தந்தையார் இறைச்சி வணிகஞ் செய்தவர். ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர் வின்ஸ். பதினைந்தாம் வயதளவிற் கத்தோலிக்க குருவாகும் நோக்கத்தோடு குருமடப் பாடசாலையிற் சேர்ந்து சில ஆண்டுகள் பயின்றார். பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டாராயினும், நாடோறும் பூசை காணும் வழக்கத்தை வாழ்நாள் முழுவதுங் கைவிட்டாரல்லர்.

1933இற் போர்டம் பல்கலைக்கழகத்திற் புகுந்தார். பருத்த உடலினர் அல்லரேனும் அணியின் முன்வரிசையிலே இடம்பெற்றார். 1936இல் அவ்வரிசையின் எழுவரும் ஏழு கருங்கற் பாறைகள் எனப் பெயர் பெற்றனர். முன்வரிசை வீரனுக்குப் பந்தைத் தொடும் வாய்ப்பே இல்லை. பிறன் ஓடுதற்கு வழி திறந்துவிடுதலே அவன் பணி. புகழ் பிறர்க்கும் உழைப்புத் தனக்குமாக நின்ற இவ்வனுபவமே அவர் பிற்கால நோக்குக்கு வித்திட்டது. பின்வரிசையில் ஓடுவோனைப் பார்ப்பதன் முன் முன்வரிசையில் தடுப்போனைப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது.

ஆசிரியப் பணி

1937இற் பட்டம் பெற்றபின் சட்டக்கல்வியைத் தொடங்கி விரைவிலே விட்டார். 1939இல் நியூ யேர்சி மாநிலத்து எங்கிள்வூட் நகரிலுள்ள புனித சிசிலியா பாடசாலையில் ஆசிரியரானார். இலத்தீன், பௌதிகம், இரசாயனம் ஆகிய பாடங்களைக் கற்பித்தார். மாலையில் மாணவருக்கு விளையாட்டுப் பயிற்சியும் அளித்தார். 1940இல் மரி பிளானிற்ஸ் என்னும் நங்கையை மணந்தார். ஊதியம் மிகச் சிறியது. ஆயினும் அவ்வகுப்பறையிலே கற்றுக்கொண்ட முறையே அவருடைய பெருஞ்செல்வமாயிற்று. கடைசி வாங்கில் இருக்கும் மாணவனுக்கும் விளங்கும்வரை மீண்டும் மீண்டும் கூறுதல், சிலவற்றையே எடுத்து அவற்றை முற்றக் கற்பித்தல் என்பனவே அம்முறை.

1947இற் போர்டம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1949இல் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் பிளெயிக் என்னும் தலைமைப் பயிற்றுநரின் கீழ்ப் பணியேற்றார். ஆட்டங்களின் திரைப்படங்களை ஓயாது பார்த்து ஆராய்தலையும், திட்டத்தைச் சுருக்கி எளிமையாக்குதலையும் அங்கே பழகினார். 1951இற் பரீட்சை ஒழுங்கீனங் காரணமாக அக்கல்லூரி அணியின் பெரும்பாலோர் நீக்கப்பட்டனர். பயிலா இளைஞரைக் கொண்டு அணியை மீளக் கட்டியெழுப்பும் கடுமையான பாடத்தையும் அப்போது கற்றார்.

1954இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் என்னுந் தொழின்முறைக் கழகம் தன் தாக்கும் அணியை அவரிடம் ஒப்படைத்தது. காக்கும் அணியைப் பயிற்றியவர் ரொம் லாண்ட்றி. இவ்விருவரும் பிற்காலத்திற் பெரும்பகையணிகளின் தலைவராக எதிர்நின்றமையை மேலே காண்போம். 1956இல் ஜயன்ற்ஸ் கழகம் சிக்காகோ பெயார்ஸ் கழகத்தை 47–7 என வென்று சம்பியனாயிற்று. எனினும் லொம்பார்டிக்குத் தலைமைப் பதவி கிட்டவில்லை. நாற்பத்தைந்தை அணுகிய அவர், தம் காலம் கழிந்ததோ என ஏங்கும் நிலையில் இருந்தார்.

கிறீன் பே நகரில்

விஸ்கொன்சின் மாநிலத்தில் ஏறக்குறைய 60,000 மக்கள் வாழ்ந்த சிறு நகர் கிறீன் பே. அதன் பக்கர்ஸ் கழகம் தனியொரு செல்வருக்கு உரியதன்று. பொதுமக்கள் பங்கு கொண்டு நடத்துவது. 1958இல் அக்கழகம் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று பத்தில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. 1959இல் லொம்பார்டியை அழைத்துத் தலைமைப் பொறுப்பையும் முகாமைப் பொறுப்பையும் ஒருங்கே அளித்தது.

அவர் வந்ததும் எடுத்த முதற்பாடம் ஓட்டம். ஒரே ஓர் ஓட்டத்தையே அணியின் அடித்தளமாக்கினார். அதற்குச் சுவீப் என்று பெயர். பந்து நகர்ந்தவுடன் முன்வரிசைக் காவலர் இருவர், ஜெறி கிறேமரும் தேர்ஸ்ரனும், தம் இடத்தை விட்டுப் பக்கவாட்டாக விரைந்தோடி வழி திறப்பர். பந்தேந்தியவர் அவர் பின்னே ஓடுவார். எந்த இடைவெளியிற் புகவேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படவில்லை. எதிரி உட்புறம் சாய்ந்தால் அவனை உட்புறமே தள்ளுவர், வெளிப்புறம் சாய்ந்தால் வெளிப்புறமே தள்ளுவர். எங்கே வெளிச்சந் தெரிகின்றதோ அங்கே ஓடுபவர் புகுவார். இவ்வோர் ஆட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து மணிக்கணக்காக விளக்குவார் லொம்பார்டி. எதிரிக்கு அது வருவது தெரியும். தெரிந்தும் தடுக்க இயலாது என்னும் நிலையை உண்டாக்குதலே அவர் நோக்கம்.

இங்கேதான் அவருடைய சமநிலையின் நுட்பம் அமைந்திருந்தது. சுவீப் ஓட்டத்தில் பந்தேந்தியவர் போல் ஹோணுங். கல்லூரி நாளிற் குவாட்டர்பாக், அதாவது பந்தை முதலிற் பெற்று ஆட்டத்தை நடத்துபவராக விளங்கியவர் அவர். ஆகையால் ஓடிக்கொண்டே வீசவும் வல்லவர். ஓட்டத்தைத் தடுக்க எதிரிகள் முன்னே பாய்ந்து வந்தாற் பந்து அவர்தம் தலைக்கு மேலாற் பறந்துசெல்லும். வீச்சுக்கு அஞ்சிப் பின்னே நின்றால் அவர் ஓடிவிடுவார். ஓட்டமும் வீச்சும் ஒரே ஆட்டத்தின் இரு முகங்களாயின. 1960இல் ஹோணுங் பன்னிரண்டு ஆட்டங்களில் 176 புள்ளிகள் ஈட்டினார். 2006 வரை எவரும் அதனைக் கடந்திலர்.

குவாட்டர்பாக் பதவிக்கு உரியவரானார் பாட் ஸ்ரார். 1956இல் வீரர் தெரிவின்போது இருநூறாவதாக அழைக்கப்பட்ட இவரைப் பலரும் பொருட்படுத்தவில்லை. லொம்பார்டியும் தொடக்கத்தில் ஐயுற்றே பின்னர் தேர்ந்தார். ஓர் யாரே தேவைப்படும் வேளையில் எதிரிகள் ஓட்டத்தை எதிர்பார்த்து நெருங்கி நிற்ப, ஓடுவதுபோற் காட்டி நெடுந்தூரம் வீசுவதில் ஸ்ரார் கைதேர்ந்தவரானார்.

நிற வேற்றுமை தலைவிரித்தாடிய காலம் அது. கறுப்பின வீரரை ஏற்காத விடுதிகளையும் உணவகங்களையும் தம் அணி நாடலாகாது என லொம்பார்டி விதித்தார். வில்லி டேவிஸ், வில்லி வூட், ஹேர்ப் அடலி முதலியோர் அவரின் கீழ்ப் பெருவீரராய் மலர்ந்தனர்.

தோல்வியும் வெற்றியும்

1960இன் இறுதியாட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்திடம் பக்கர்ஸ் 17–13 எனத் தோற்றது. நான்காம் முயற்சியிற் பந்தை உதைத்து 3 புள்ளிகள் பெற்றிருக்கலாம். ஆனால் அவரோ தம் ஓட்டத்தின்மேல் வைத்த பெருநம்பிக்கையால் முன்னேறவே முயன்று, பந்தை இழந்தார். அத்தோல்வியின் பழியைத் தம்மேலேயே ஏற்றுக்கொண்டார். அதன்பின் எந்தச் சம்பியன் ஆட்டத்திலும் அவர் அணி தோற்றதில்லை.

1961இல் தம் பழைய ஜயன்ற்ஸ் கழகத்தை 37–0 எனவும், 1962இல் அதனையே 16–7 எனவும் வென்றார். 1962இல் ஜிம் ரெயிலர் என்னும் பேராற்றலுடைய வீரர் 1,474 யார் ஓடி நாட்டின் முதல் ஓட்டவீரரானார். அணி பதினான்கு ஆட்டங்களுட் பதின்மூன்றில் வென்றது.

ஆயினும் கால்களுக்கு மூப்புண்டு. 1966இல் ரெயிலரின் ஓட்டம் 705 யாராகச் சுருங்கியது. ஹோணுங்கும் காயத்தால் தளர்ந்தார். தாம் படைத்த ஓட்டத்தையே பற்றிக்கொண்டு வீழ்வதா, அன்றி வழியை மாற்றுவதா என்பதே அப்போது லொம்பார்டி முன் நின்ற சோதனை. பெருமை பெற்ற முறையைக் கைவிடுதல் எவருக்கும் அரிது. அவர் வீச்சின் பொறுப்பை ஸ்ராரிடம் பெருக்கினார். அவ்வாண்டு ஸ்ரார் 251 முறை வீச, எதிரிகள் பற்றியவை மூன்றே. இறுதியில் லாண்ட்றியின் டலஸ் கௌபோய்ஸ் கழகத்துக்கெதிராக ஸ்ராரின் நான்கு வீச்சுகள் எல்லைக்கோட்டைக் கடந்தன; பக்கர்ஸ் 34–27 என வென்றது. பின்னர் 1967 யனவரி 15இல் நிகழ்ந்த முதலாவது சுப்பர் போல் ஆட்டத்தில் கன்சாஸ் சிற்றி கழகத்தை 35–10 என வென்றது.

பனிக்களத்துப் போர்

1967 டிசெம்பர் 31. கிறீன் பே நகரிற் சுழியத்துக்குக் கீழே 25 பாகை சென்ரிகிறேட் குளிர். ஆடுகளத்தைச் சூடாக்க நிலத்தடியில் அமைத்த பொறியும் பயனற்றுப்போகத் தரை கல்லாய் உறைந்தது. எதிரே மீண்டும் லாண்ட்றியின் டலஸ். பக்கர்ஸ் 14–0 என முந்தியது. டலஸ் தொடர்ந்து நெருங்கி வந்தது. நான்காம் பகுதியின் தொடக்கத்தில், ஓடுவதாகப் பாவனை செய்த டலஸ் வீரரொருவர் பந்தை வீசி 50 யார் கடப்பித்தார். லொம்பார்டி ஹோணுங்கைக் கொண்டு ஆடிய அதே உத்தி இப்போது அவர்மீதே ஏவப்பட்டது. டலஸ் 17–14 என முந்தியது.

எஞ்சியது ஐந்து நிமிடத்துக்குங் குறைவு. கடக்கவேண்டியது 68 யார். வழுக்குந் தரையில் ஸ்ரார் பின்வரிசை வீரருக்குக் குறுகிய வீச்சுகளை வீசி முன்னேறினார். எல்லையை அணுகியபோது முன்வரிசைக் காவலர் ஒருவர் சுவீப் ஓட்டத்துக்குப் போவதுபோல் விலகினார். அதனைக் கண்டு பழகிய டலஸ் பெருவீரர் அவரைப் பின்தொடர, அவர் விட்டுச்சென்ற வெளியினூடே சக் மேர்சீன் 8 யார் ஓடினார். பல்லாண்டு பயின்ற ஓர் ஓட்டம், அன்று ஆடப்படாமலே எதிரியை ஏமாற்றிற்று.

பின்பு எல்லைக்கோட்டுக்கு இரண்டடி தூரத்தில் இருமுறை முயன்றும் ஓடியவர் வழுக்கித் தோற்றார். மூன்றாம் முயற்சி, எஞ்சியவை 16 விநாடிகள், ஆட்டத்தை நிறுத்தும் உரிமையும் தீர்ந்துவிட்டது. பந்தை வீசித் தவறினாற் கடிகாரம் நிற்கும். உதைத்துச் சமன் செய்யலாம். ஓடித் தவறினால் எல்லாமே முடிந்துவிடும். ஸ்ரார் பயிற்றுநரிடம் வந்து கலந்து திரும்பினார். பந்தை மேர்சீனிடம் கொடுப்பதாகச் சகாக்களுக்குக் கூறிவிட்டு, தாமே அதனை வைத்துக்கொண்டு கிறேமரும் போமனும் திறந்த இடைவெளியிற் பாய்ந்து விழுந்தார். வெற்றி 21–17. இரு வாரங்களின் பின் ஒக்லண்ட் கழகத்தை 33–14 என வென்று இரண்டாவது சுப்பர் போலும் அவருடையதாயிற்று. ஏழாண்டுகளில் ஐந்து சம்பியன் பட்டங்கள். அவற்றுள் மூன்று அடுத்தடுத்து வந்தவை.

இறுதிக் காலம்

1968இற் பயிற்றுநர் பதவியைத் துறந்து முகாமையாளராய் மட்டும் இருந்தார். களத்தை விட்டு அமைதி காணாமையால் 1969இல் வாஷிங்ரன் கழகத்தை ஏற்றார். அங்கே நிலைமை மறுதலையானது. சொனி யேர்கின்சன் என்னும் சிறந்த வீச்சாளர் இருந்தார், ஓட்டமே குறை. லறி பிறௌன் என்னும் புதிய இளைஞர் பந்து நகரும்போது சிறிது தாமதித்துப் புறப்படுவதை லொம்பார்டியின் ஆசிரியக் கண் கண்டுபிடித்தது. சோதித்தபோது அவருக்கு ஒரு காது கேளாமை தெரியவந்தது. தலைக்கவசத்துட் கேட்குங் கருவி பொருத்தப்பட்டது. அவர் அவ்வாண்டே 888 யார் ஓடினார். 1955க்குப் பின் முதன்முறையாக அக்கழகம் தோல்விகளிலும் மிக்க வெற்றிகளைக் கண்டது.

1970இற் குடற் புற்றுநோய் அவரைப் பற்றியது. செப்ரெம்பர் 3ஆந் திகதி, தம் ஐம்பத்தேழாம் வயதில், வாஷிங்ரன் நகரில் உயிர்நீத்தார். சுப்பர் போல் வெற்றிக்கிண்ணம் அன்றுதொட்டு அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

குறைகள் அவரிடம் இல்லாமலில்லை. கடுஞ்சினமும் சுடுசொல்லும் உடையவர். ஆடுகளத்துக்கு அளித்த காலத்தை மனைவிக்கும் மக்கள் இருவருக்கும் அளித்தாரல்லர். ஓட்டத்துக்கும் வீச்சுக்கும் சமநிலை கண்டவர் தொழிலுக்கும் இல்லத்துக்கும் அதனைக் காணாதொழிந்தமை நாம் எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று.

1978இல் விதிகள் வீச்சுக்குச் சார்பாகத் திருத்தப்பட்டபின் அமெரிக்க ஆட்டத்தில் வீச்சே மிகுந்துவிட்டது. ஆயினும் ஓடுவதுபோற் காட்டி வீசும்போது எதிரிகள் இன்றும் ஓரடி முன்வைக்கின்றனர். அந்த ஓரடியிலே லொம்பார்டியின் பாடம் வாழ்கின்றது. எளியவற்றை முற்றக் கற்பித்து, அக்கல்வியின் பலத்தால் அரியவற்றைத் துணியச் செய்தவர் அவர். கற்பித்தல் தொழிலை மேற்கொண்ட எமக்கும், அக்கல்வியைப் பெற்று உலகிற் புகுந்த பழைய மாணவருக்கும் அவர் வாழ்க்கை ஓர் உரைகல்லாக நிற்பதாக.