புள்ளிகளில் ஓவியம் கண்டவர்

ஓவியன் எத்துணைத் திறமையோடு வரைந்தாலும், அச்சேறும்போது படம் பாழாகுமானால் அவன் உழைப்பு வாசகனைச் சென்றடைவதில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்வில் பட்டறிந்து, அதற்கு வழியும் கண்டவர் வங்கம் தந்த உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் பாட்டனார் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். அச்சுக்கலைக்கு அவர் ஆற்றிய தொண்டு தனியாகவே போற்றத்தக்கது என்பேன் நான்.

இன்று வங்கதேசத்தில் அடங்கியுள்ள மைமன்சிங் மாவட்டத்து மசுவா என்னும் சிற்றூரில், 1863-ஆம் ஆண்டு மே மாதம் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். ஜமீன்தாரான உறவினர் ஒருவர் சிறு வயதிலேயே அவரைத் தத்தெடுத்து, உபேந்திரகிஷோர் எனப் பெயர் மாற்றினார். கல்கத்தாவில் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார். எழுத்து, ஓவியம், இசை மூன்றும் அவருக்குக் கைவந்தன.

சிறுவர்க்காக இராமாயணத்தை எளிய வங்காளியில் எழுதி, படங்களும் தாமே வரைந்தார். அன்றைய வழக்கப்படி அவை மரக்கட்டையில் செதுக்கப்பட்டு அச்சாயின. வெளிவந்த படங்களில் அவர் வரைந்த நயம் காணவில்லை. மற்றொருவராயின் மனம் வெதும்பி விட்டிருப்பார். இவரோ இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, 1895-இல் கல்கத்தாவில் பிளாக் செய்யும் தொழிலைத் தாமே தொடங்கினார்.

அச்சு மைக்குக் கறுப்பு தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. ஆகவே புகைப்படத்தின் ஒளியையும் நிழலையும் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகப் பிரித்து, கண்ணை நம்பச் செய்வதே ஆப்டோன் முறை. குறுக்கும் நெடுக்கும் கோடிட்ட கண்ணாடித் திரை ஒன்றைக் காமிராவினுள் வைத்தால் இப்புள்ளிகள் விழும். திரை எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும், காமிராவின் துளை எந்த அளவில் அமைய வேண்டும் என்பதையெல்லாம் உபேந்திரகிஷோர் கணிதத்தாலும் ஒளியியலாலும் ஆராய்ந்தார். 60 பாகைக் கோணத்தில் கோடுகள் வெட்டும் திரையைப் பற்றியும் எழுதினார். 1897 முதல் அவர் எழுதிய கட்டுரைகளை இலண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலர் வெளியிட்டது. அடிமை நாட்டில் ஒரு வீட்டில் நடந்த ஆராய்ச்சியை, ஆண்ட நாட்டின் அச்சு வல்லுநர்கள் படித்தார்கள்!

ராமானந்த சட்டர்ஜி நடத்திய பிரபாசி, மாடர்ன் ரெவ்யூ இதழ்களில் வந்த வண்ண ஓவியங்கள் பலவற்றுக்கு இவரது நிறுவனமே பிளாக் செய்தது. இந்திய ஓவியர்களின் படைப்புகள் இவ்வாறு எளியோர் இல்லங்களையும் எட்டின. 1913-இல் சிறுவர்க்காகச் சந்தேஷ் என்னும் இதழைத் தொடங்கினார். 1915 டிசம்பர் 20 அன்று, 52-ஆம் வயதில் மறைந்தார். 1911-இல் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று வந்திருந்த மகன் சுகுமார் ராய் அப்பணியை ஏற்றார். அவரும் 1923-இல் மறைந்தார். நின்றுபோயிருந்த சந்தேஷை 1961-இல் பேரன் சத்யஜித் மீண்டும் மலரச் செய்தார்.

கண்ணாடித் திரை போய்க் கணிப்பொறி வந்துவிட்ட காலம் இது. இம்மலரின் படங்களைத் தொகுத்த மாணவருள் நானும் ஒருவன். பழைய சிக்கல் புதிய உருவில் நிற்பதை அப்பணியில் கண்டேன். கணிப்பொறித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது, அது ஆர்.ஜி.பி. அச்சகமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் நிறம் தருகிறது, அது சி.எம்.ஒய்.கே. ஒளியில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் மையில் மங்கும். ஆதலால் அச்சுக்கு அனுப்புமுன் மாற்றிப் பார்த்துவிடுதல் நலம். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுணுக்கம் குறையும். டிஃப் வகையில் இழப்பின்றிச் சேமிக்கலாம். அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருப்பின் படம் தெளிவாக வரும்.

நண்பர்களே, கலை ஒரு கரை, அறிவியல் மறுகரை என்று நாம் எண்ணுகிறோம். இரண்டுக்கும் பாலமாக வாழ்ந்தவர் உபேந்திரகிஷோர். வரைவதோடு நம் கடமை முடிவதில்லை; வரைந்தது பிறர் கைக்குப் பழுதின்றிச் சேரும் வழியையும் கற்றல் வேண்டும். அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.