பிரவுனிங்: ஒரு துப்பாக்கிக்காக 19 ஆண்டு உறவை முறித்தவர்

ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் ஷாட்கன். களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டிலும், வாத்து வேட்டையிலும் இன்று இது சர்வ சாதாரணம். இதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஜான் மோசஸ் பிரவுனிங்.

1855-ல் யூட்டாவின் ஆக்டன் ஊரில் பிறந்தார். அப்பாவுக்கும் துப்பாக்கித் தொழில்தான். 1883-லிருந்து தன் வடிவமைப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு ஒரே தொகைக்கு எழுதிக் கொடுத்து வந்தார். இந்த ஷாட்கனுக்கு மட்டும், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வேண்டும் என்று அடம்பிடித்தார். நிறுவனம் மறுத்தது. அத்தோடு உறவு முறிந்தது.

1902-ல் ரெமிங்டனைத் தேடிப் போனார். அவர் காத்திருந்தபோதே அதன் தலைவர் மாரடைப்பில் இறந்த செய்தி வந்ததாம்! மனுஷன் அசரவில்லை. கப்பலேறி பெல்ஜியத்தின் எஃப்என் ஆலைக்குப் போனார். டீல் முடிந்தது. ஆட்டோ-5 என்ற அந்தத் துப்பாக்கி 1990-களின் இறுதி வரை தயாரானது.

சுடும்போது அதன் குழலும் சேர்ந்தே பின்னால் நகரும். அந்த வேகத்தை அடக்குவது உராய்வு வளையங்கள். பலமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, லேசானதுக்கு வேறு மாதிரி மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் லேசான தோட்டா சரியாக லோடு ஆகாது. பலமானது முன்கட்டையையே பிளந்துவிடும். பழைய ஆட்டோ-5 வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

1926 நவம்பர் 26-ல், அதே பெல்ஜிய ஆலையில், 71 வயதில் பிரவுனிங்கின் இதயம் நின்றது. அவர் கடைசியாக வடிவமைத்தது மேலும் கீழுமாக இரட்டைக் குழல் கொண்ட ஷாட்கன். மிச்ச வேலையை மகன் வால் முடித்தார்.