நீரிலா, ஆவியிலா? பண்டித ரமாபாய் வாழ்ந்து காட்டிய விடை

கிறிஸ்தவத்தின் மிக எளிய சடங்கு ஞானஸ்நானம். கொஞ்சம் தண்ணீர், சில சொற்கள், ஒரு பெயர். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால், கிறிஸ்தவர்களைப் பல சபைகளாகப் பிரித்தவற்றுள் அதுவும் ஒன்று. அந்த நீரின் வழியாகவே இறைவன் மறுபிறப்பைத் தருகிறார் என்கின்றனர் ஒரு சாரார். உள்ளத்தில் முன்பே நேர்ந்த மாற்றத்துக்கு அது வெளி அடையாளம் மட்டுமே என்கின்றனர் மற்றொரு சாரார். நீருக்குப் பிறகு பரிசுத்த ஆவியின் அபிஷேகம் தனியே வேண்டும் என்பது பெந்தெகொஸ்தே சபைகளின் நிலை. குவேக்கர்களும் இரட்சணிய சேனையினரும் நீர்ச் சடங்கே இன்றி வழிபடுகின்றனர். இந்த வழக்கை இறையியல் நூல்களில் தேடுவதைவிட, அதை வாழ்ந்து பார்த்த ஒருவரின் வரலாற்றில் தேடுவது மேல் என்று நான் கருதுகிறேன். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பண்டித ரமாபாய்.

1858-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில், கங்காமூலக் காட்டில் பிறந்தவர் அவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்கு சமஸ்கிருதம் கற்பித்ததற்காகத் தம் சமூகத்தாரின் எதிர்ப்பைச் சந்தித்தவர். அக்குடும்பம் ஊர் ஊராகச் சென்று புராணம் வாசித்து வாழ்ந்தது. புண்ணிய தீர்த்தங்களில் நீராடியது. கையிலிருந்த பொருளையெல்லாம் தான தர்மங்களில் செலவிட்டது. 1870-களின் பஞ்சம் சென்னை மாகாணத்தில் அவர்களைச் சூழ்ந்தது. முதுமையால் பார்வை மங்கிய தந்தை, புனிதக் குளமொன்றில் மூழ்கி உயிர்விடத் துணிந்தார். கூலி வேலை செய்தேனும் காப்பாற்றுவதாகச் சொல்லி மகன் தடுத்தான். ஆயினும் 1874-இல் தந்தையும், அவரைத் தொடர்ந்து தாயும் மாண்டனர். அப்போது ரமாபாய்க்கு வயது 16.

அண்ணன் சீனிவாசனோடு நாடெங்கும் நடந்தே அலைந்து, 1878-இல் கல்கத்தா சேர்ந்தார். அங்கிருந்த அறிஞர்கள் அவரது புலமையை வியந்து, பண்டிதா, சரஸ்வதி ஆகிய பட்டங்களை வழங்கினர். அந்தக் காலத்தில்தான் அவர் தர்ம சாஸ்திரங்களை ஊன்றிப் படித்தார். பெண்ணுக்குப் பெண்ணாகவே வீடுபேறு அடையும் வழியை அவை வைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அந்த வாசிப்போடு உடன்படாதவர்கள் உண்டு. ஆனால், அவரது வாழ்வை நடத்திச் சென்ற கேள்வி அங்கேதான் பிறந்தது: என் போன்றவளுக்கு மீட்பு உண்டா?

அண்ணன் 1880-இல் இறந்தார். அதே ஆண்டில் சாதி மறுத்து வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி தாஸை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள்; பெயர் மனோரமா. 1882-இல் காலரா கணவரைக் கொண்டுபோனது. 23 வயதில் கைம்பெண்ணான ரமாபாய் புனே சென்று ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண் கல்விக்காகவும் பெண் மருத்துவர்களுக்காகவும் வாதாடினார். 1883-இல் மருத்துவம் படிக்கும் நோக்கத்துடன் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைந்து வந்ததால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை.

லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில், சமூகம் ஒதுக்கித் தள்ளிய பெண்களுக்கு ஆங்கிலிகக் கன்னியர் நடத்திய இல்லத்தை அவர் கண்டார். இத்தகைய பெண்களிடம் பரிவு காட்டுவது ஏன் என்று வினவியபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய நிகழ்ச்சியை ஒரு கன்னியர் எடுத்துரைத்தார். ரமாபாய் தம் கேள்விக்கு விடை கிடைத்ததாக உணர்ந்தார். 1883 செப்டம்பர் 29 அன்று வாண்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். இரண்டு வயது மனோரமாவுக்கும் அன்றே நீர் வார்க்கப்பட்டது. தாய் ஆய்ந்து தேர்ந்தாள். மகளோ ஏதும் அறியாத பருவத்தில் சேர்க்கப்பட்டாள். குழந்தை ஞானஸ்நானம் தகுமா என்ற பழைய வழக்கின் இரு தரப்பும் அன்று ஒரே இடத்தில் நின்றதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து நிகழ்ந்தது பலர் அறியாதது. ஞானஸ்நானம் பெற்றவள் திருச்சபைக்குப் பணிந்து நடக்க வேண்டும் என அவருடைய ஞானத்தாய் சகோதரி ஜெரால்டின் எதிர்பார்த்தார். ரமாபாய் பணியவில்லை. தாம் கட்டுப்பட்டது கிறிஸ்துவுக்கே அன்றி, ஆயர்கள் சொல்லும் அனைத்துக்கும் அன்று என்று கடிதங்களில் வாதிட்டார். திரித்துவக் கோட்பாட்டைக்கூட ஆராயாமல் ஏற்க மறுத்தார். அவர் ஆண் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதை ஆயர்கள் எதிர்த்தபோது, அதையும் கேள்விக்கு உள்ளாக்கினார். புனேயில் அவரைத் துரோகி என்றனர். வாண்டேஜில் அடங்காதவர் என்றனர். அவருக்கு அந்த நீர் துரோகமும் அன்று, அடிமைச் சாசனமும் அன்று.

1889-இல் தாயகம் திரும்பி, பம்பாயில் கைம்பெண்களுக்காக சாரதா சதனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது புனேக்கு இடம்பெயர்ந்தது. ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ 8 ஆண்டுகள் கழிந்த நிலையில், வில்லியம் ஹேஸ்லம் என்ற ஆங்கிலேயப் போதகரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். குருவாகப் பணியாற்றிய பின்னரே தமக்கு உண்மையான மனமாற்றம் வந்ததாக எழுதியவர் அவர். தமக்குக் கிறிஸ்தவ சமயம் கிடைத்திருக்கிறதே தவிர, கிறிஸ்து கிடைக்கவில்லை என்பதை ரமாபாய் அப்போது உணர்ந்தார்.

அப்படியானால், 1883-இன் நீர் வீணா? அன்று விழுந்த விதை பின்னர் முளைத்தது என்பர் ஆங்கிலிகர். நம்பிக்கை வரும்வரை அது வெறும் நீரே என்பர் பாப்டிஸ்டுகள். வேதாகமமோ இருவருக்கும் இடம் தருகிறது. நிக்கொதேமுவிடம் இயேசு நீரையும் ஆவியையும் சேர்த்தே சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் சமாரியர் முதலில் நீரையும் பிறகு ஆவியையும் பெறுகின்றனர். கொர்நேலியுவின் வீட்டில் முறை மாறுகிறது. ஆவி முதலில், நீர் பிறகு. சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கு நீரே இல்லை. ஆனாலும் பரதீசு வாக்களிக்கப்பட்டது. மூலநூலே ஒரே வரிசையை வகுக்காதபோது, ஒரு வரிசையை மட்டும் சட்டமாக்குவது எப்படி என்பதே என் ஐயம்.

1893-இல் மோதல் வெடித்தது. சமயச் சார்பின்றி நடப்பதாக உறுதி கூறப்பட்ட சாரதா சதனில் பெண்கள் கிறிஸ்தவத்தின்பால் ஈர்க்கப்படுவதாகத் திலகரின் கேசரி கடுமையாக எழுதியது. ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். தம் அறைக் கதவைத் திறந்து வைத்தே செபிப்பதாகவும், வருவோரை அழைப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை என்பதும் ரமாபாயின் நிலை. ஆதரவற்றவர் நிறைந்த இல்லத்தில் தலைவியின் சமயம் தானாகவே ஈர்ப்பாகும் என்ற பெற்றோரின் அச்சத்தை நான் புறந்தள்ள மாட்டேன். அதே வேளையில், அப்பெண்களுக்கென ஒரு மனம் உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன்.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான சிறுமியரை மீட்டு வந்து, புனே அருகிலுள்ள கேட்காவ்ம் பண்ணையில் தங்கவைத்தார். அந்த இல்லத்துக்கு முக்தி என்று பெயரிட்டார். 1905 ஜூனில் அங்கே எழுப்புதல் பரவியது. ஒரு பெண்ணின்மேல் நெருப்பு எரிவதாகக் கண்ட இன்னொருத்தி அதை அணைக்க வாளியில் நீர் கொண்டுவர ஓடினாள் என்று உடன் பணியாற்றிய மின்னி ஏப்ரம்ஸ் பதிவு செய்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெரு எழுப்புதல் அதற்கு அடுத்த ஆண்டில்தான் நிகழ்ந்தது. ஏப்ரம்ஸ் எழுதிய நூல் சிலி நாட்டை எட்டி, அங்கு பெந்தெகொஸ்தே இயக்கம் உருவாகத் தூண்டுகோலாயிற்று. அந்நிய பாஷை பேசுவதே ஆவி பெற்றதற்குக் கட்டாய அடையாளம் என்று பிறர் விதித்தபோது ரமாபாய் அதை ஏற்கவில்லை. அவ்வரத்தை அவர் பழிக்கவும் இல்லை. மாறிய வாழ்வும் அன்புமே பெரிய அடையாளங்கள் என்றார்.

இறுதி ஆண்டுகளை, எளிய பெண்களும் படிக்கத்தக்க மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கச் செலவிட்டார். 1921-இல் மனோரமா மறைந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் கண்மூடினார்.

இன்று ஞானஸ்நானம் என்ற சொல் நம் பொதுவெளியில் பெரும்பாலும் தலைக்கணக்காகவே பேசப்படுகிறது. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பிரிந்தனர் என்பதே வினா. ரமாபாயின் வாழ்வு வேறொரு கணக்கைக் கேட்கிறது. ஃபுல்ஹாமில் அவர் கண்டு மனம் நெகிழ்ந்த இல்லத்தைப் போன்ற ஒன்றை, கிருபா சதன் என்ற பெயரில் கேட்காவ்மில் அவரே எழுப்பினார். பார்வையற்ற பெண்களுக்கும் அங்கே தனி இல்லம் இருந்தது. நீர் முதலிலா, ஆவி முதலிலா என்பதைச் சபைகள் இன்னும் விவாதிக்கலாம். ஒரு மனிதர் மீட்கப்பட்டாரா என்பதற்கு, அவரால் எத்தனை பேர் கரை சேர்ந்தனர் என்பதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.